வாந்தியை நிறுத்துவதா, தண்ணீரை நிரப்புவதா?

காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து நலம் விசாரிப்பார். வாந்தி என்றால் அதே ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார். பேசவே கூச்சப்படும் விஷயம் என்பதால், பெரும்பாலான வீடுகளில் வாந்தியைப் பற்றித் தெரிந்தது இரண்டே இரண்டு சூத்திரங்கள்தான். ஒன்று: "வயித்துல ஒண்ணும் தங்கல, பச்சத் தண்ணிகூடக் குடுக்காதே." இரண்டு: "ஒரு ஊசி போட்டா நின்னுடும்."

இந்த இரண்டுமே தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். முதலாவது உயிருக்கு ஆபத்தான தவறு. இரண்டாவது பல நேரங்களில் பணத்துக்குப் பிடித்த கேடு. வாந்தியும் பேதியும் சேர்ந்து வரும்போது ஒரு குழந்தையின் உயிர் போவது, பெரும்பாலும் வெளியே போன நீரும் உப்பும் திரும்ப உள்ளே வராததால்தான். ஆனால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கவலைப்படுவது, வாந்தி எப்போது நிற்கும் என்பதைப் பற்றி மட்டுமே!

வாந்தி எப்படி வருகிறது?

வயிறுதான் உணவை மேலே தள்ளுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் இரைப்பை தளர்ந்து போய்ச் சும்மா இருக்கிறது. வயிற்றுச் சுவரின் தசைகளும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானமும் சேர்ந்து அதைப் பற்பசைக் குழாயைப் போலப் பிதுக்குகின்றன. நாலைந்து முறை வாந்தி எடுத்தவருக்கு மறுநாள் விலாவும் வயிறும் அடித்துப் போட்டது போல வலிப்பது இதனால்தான்.

பிதுக்கச் சொல்லி உத்தரவு போடுவது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம். அதற்கு நான்கு வழிகளில் தகவல் போகிறது.

முதல் வழி குடல். கெட்டுப்போன உணவோ கிருமியோ குடலின் உட்சுவரைச் சீண்டினால், அங்குள்ள செல்கள் செரடோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடும். உடலில் உள்ள செரடோனினில் பெரும்பகுதி இருப்பது மூளையில் இல்லை, குடலில்தான். அந்தச் செய்தி வேகஸ் நரம்பு வழியாக மேலே போகும்.

இரண்டாவது வழி இரத்தம். மூளையில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் மற்ற பகுதிகளுக்கு இருக்கும் இரத்தத் தடுப்பு கிடையாது. அது வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரி, இரத்தத்தில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். மது, சில மாத்திரைகள், புற்றுநோய் மருந்துகள் எல்லாம் இந்த வழியாகவும் வாந்தியைக் கிளப்புகின்றன.

மூன்றாவது உள்காது. கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே பஸ்ஸில் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்குக் கண் "நீ அசையவில்லை" என்கிறது. காது "சுழன்றுகொண்டிருக்கிறாய்" என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும்.

நான்காவது மனது. அடுத்தவர் வாந்தி எடுப்பதைப் பார்த்தாலே சிலருக்கு ஓங்கரிக்கும். பரீட்சை நாள் காலையில் இட்லியைக் கண்டாலே குமட்டும்.

வாந்திக்குச் சற்று முன்பு வாயில் எச்சில் ஊறுவதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். மேலே வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் காப்பாற்ற உடல் செய்யும் முன்னேற்பாடு அது. எலிக்கு இந்த வசதியே கிடையாது. அதற்கு வாந்தி எடுக்க வராது. எலி மருந்து அதனிடம் பலிக்க அதுவும் ஒரு காரணம். மனிதனுக்கு வாந்தி ஒரு காவல். வந்தவுடன் அதை வாயை மூடி அடக்க வேண்டும் என்று நினைப்பது, திருடனைப் பார்த்துக் குரைக்கும் நாயை அடிப்பதற்குச் சமம்.

உண்மையான நஷ்டம் எது?

வாந்தியோடு போவது சாப்பாடு மட்டும் இல்லை. தண்ணீர், சோடியம், பொட்டாசியம், வயிற்று அமிலம் எல்லாம் போகின்றன. கூடவே பேதியும் இருந்தால் இழப்பு பல மடங்கு.

பெரியவர் உடம்பில் இருந்து ஒரு லிட்டர் போனால் சோர்ந்து படுப்பார். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையிடமிருந்து அதே ஒரு லிட்டர் போனால், அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. மருத்துவர்கள் அதைக் கடுமையான நீரிழப்பு என்பார்கள். கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பி, அழுதால் கண்ணீர் வராத நிலை. இந்த நிலைக்குப் போக ஒரு கைக்குழந்தைக்கு ஒரு பகல் பொழுதே போதும்.

இந்த இடத்தில்தான் "ஒன்றும் கொடுக்காதே" என்ற சூத்திரம் கொல்கிறது. பிள்ளைக்கு உரம் விழுந்துவிட்டது என்று ஒரு பாட்டி சொல்வார். தொக்கம் எடுக்க வேண்டும் என்று இன்னொருவர் பக்கத்து ஊருக்குத் தூக்கிப் போகச் சொல்வார். திருஷ்டி சுற்றிப் போட்டதும் நடக்கும். அதில் எல்லாம் குழந்தைக்கு நேரும் பெரிய இழப்பு, அந்த நாலைந்து மணி நேரம். அந்த நேரம் முழுவதும் உதடு காய்ந்தபடி, ஒரு சொட்டு உள்ளே போகாமல் கிடக்கும்.

"குடுத்தாலும் உடனே வாந்தி எடுத்துடுதே, என்ன பண்றது?" என்று எந்தத் தாயும் கேட்பார். நியாயமான கேள்வி. குடித்தது அத்தனையும் வெளியே வந்துவிடுவதில்லை, ஒரு பகுதி உள்ளே தங்கிவிடுகிறது என்பது முதல் பதில். கொடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது என்பது இரண்டாவது பதில். தாகத்தில் ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தால் விரிந்த இரைப்பை திருப்பி அனுப்பும். ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று கொடுத்தால் பெரும்பாலும் தங்கும். வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இதற்குத் தேவை ஒரு தேக்கரண்டியும் நிறையப் பொறுமையும்தான்.

உப்பும் சர்க்கரையும் செய்த புரட்சி

வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? போதாது. குடல் தண்ணீரை உறிஞ்ச வேண்டும் என்றால் சோடியம் உள்ளே போக வேண்டும். சோடியம் எளிதாக உள்ளே போக அதற்குக் குளுக்கோஸ் துணை வேண்டும். இரண்டும் கைகோத்துக்கொண்டு குடல் சுவரைத் தாண்டும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. இந்தக் கூட்டணியை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி விளக்கினார். பேதி கடுமையாக இருக்கும்போதுகூட இந்தக் கதவு திறந்தே இருக்கும் என்பதுதான் அதிசயம். 1968-ல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகவே கொடுத்து இதை நிரூபித்தார்கள்.

ஆனால் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. நம்ப வைத்தது 1971-ம் ஆண்டு. வங்கதேச விடுதலைப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவ்வில் காலரா. மருத்துவமனைத் தரை முழுக்க நோயாளிகள், வாந்தியும் பேதியும். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் திலீப் மஹலநாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கலந்து பெரிய பாத்திரங்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

காப்பாற்றிய கைகள் பெரும்பாலும் மருத்துவர்களுடையவை அல்ல. அம்மா, அண்ணன், மாமன் கைகள். மஹலநாபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு, 2023-ல்தான் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்த அத்தியாயம் வங்கதேசத்தில். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-லிருந்து பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலில் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளவான தண்ணீர் என்று ஒவ்வொரு தாய்க்கும் நேரில் சொல்லிக் கொடுத்தார்கள். ஊழியருக்குச் சம்பளம், எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பதற்காக இல்லை. பிறகு இன்னொருவர் போய்ச் சோதிக்கும்போது தாய் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து! நிர்வாகவியல் மாணவர்கள் படிக்க வேண்டிய ஊக்கத்தொகைத் திட்டம் இது.

பொடியும் போலியும்

இன்று உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் சிபாரிசு செய்யும் ஓ.ஆர்.எஸ். பொடியில், ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். மொத்தம் 20.5 கிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்துக்கடையிலும் விலை அதிகமில்லை.

இதிலும் தவறு நடக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்து. மீதியை நாளைக்கு என்று மடித்து வைப்பது இன்னொரு தவறு. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கு என்று சின்ன பாக்கெட்டும் உண்டு, அட்டையைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் கைகொடுக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் அது நல்ல துணை, ஆனால் முழு மாற்று ஆகாது.

கலர், சோடா வகைகள் வேண்டாம். கோலா பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஓ.ஆர்.எஸ்.ஸில் 1.35 கிராம். அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும்.

இதைவிட மோசமான ஒன்று பல ஆண்டுகள் மருந்துக்கடைகளிலேயே விற்றது. அழகான அட்டைப் பெட்டியில், ஆப்பிள் ஆரஞ்சு ருசியில், பெயரிலேயே 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளோடு வந்த பானங்கள். உள்ளே சர்க்கரை, உண்மையான சூத்திரத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். "இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சூத்திரம் அல்ல" என்று ஒரு குறிப்பு போட்டால் போதும் என்று 2022-ல் கொடுத்த அனுமதியை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் ரத்து செய்தது. வணிகவியல் பாடத்தில் வரும் வர்த்தகக் குறி, லேபிள் விதி எல்லாம் வெறும் பரீட்சைக் கேள்விகள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டையில் இருந்த மூன்று எழுத்தை நம்பித்தான் தாய்மார்கள் அதை வாங்கினார்கள்.

ஊசி, டிரிப்ஸ் மோகம்

"டாக்டர், ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெம்பா இருக்கும்" என்று நோயாளியே கேட்கும் ஊர் இது. அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது? அரை லிட்டர் நார்மல் சலைன் என்றால் நாலரை கிராம் உப்பு. ஐந்து சதவீத குளுக்கோஸ் என்றால் 25 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரை அளவு. குடிக்க முடிகிறவருக்கு, இதையே ஊசிக் குத்து இல்லாமல் வாய் வழியாகக் கொடுக்கலாம்.

டிரிப்ஸே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மயங்கிக் கிடப்பவருக்கும், கடுமையான நீரிழப்பில் இருப்பவருக்கும், எவ்வளவு மெதுவாகக் கொடுத்தாலும் எதுவும் தங்காதவருக்கும் அதுதான் உயிர். வாந்தி மாத்திரைகளும் அப்படித்தான். 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்டான்செட்ரான், குடலிலிருந்து போகும் செரடோனின் செய்தியை மறிக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு அது பெரிய வரம். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கும் சில நேரம் மருத்துவர் ஒரு வேளை கொடுப்பார். கொடுப்பதே ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்க வேண்டும் என்பதற்காகத்தான். சிக்கல் எங்கே என்றால், கடையில் போய் "ஒரு வாந்தி மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவதில். மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகளால் சில குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் கழுத்து கோணிக்கொள்ளும், கண் மேலே சொருகும். வலிப்பு வந்துவிட்டது என்று வீடே அலறும்.

வாந்தியை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகமே மறக்க முடியாத பாடம் ஒன்று உண்டு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கை வாந்திக்கும் பாதுகாப்பானது என்று சொல்லிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1961-ல் திரும்பப் பெறுவதற்குள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டார்கள். இன்று மசக்கைக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரரோ பக்கத்து வீட்டு அக்காவோ அல்ல.

இத்தனைக்கும் ஓ.ஆர்.எஸ். ஏன் எடுபடவில்லை? விலை குறைவு என்பதே அதன் குறை. இருபது ரூபாய்ப் பொடியை நீட்டும் மருத்துவரை விட, பாட்டிலைத் தொங்கவிடும் மருத்துவர்தான் 'கைராசிக்காரர்'. ஆயிரம் ரூபாய் செலவானால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் ஒன்று இந்தத் திருப்திக்காக வட்டிக்கு வாங்குகிறது என்பதுதான் வேதனை.

வாந்தியை வரவழைக்கலாமா?

விஷம் குடித்தவருக்கு உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கிராமங்களில் இன்னும் நடக்கிறது. கூடாது. மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போகும். அமிலம் போகும்போது சுட்டது, வரும்போது இன்னொரு முறை சுடும். மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். வாந்தி வரவழைக்கும் இபிகாக் மருந்தை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று 2003-லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லிவிட்டது. செய்ய வேண்டியது 108-க்கு அழைப்பதும், விஷப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போவதும்தான்.

கல்லூரி விடுதிகளுக்கும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டு வாந்தி எடுத்து உறங்கும் நண்பனை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். எழுப்பினால் எழவில்லை என்றால், வார்டனுக்குப் பயந்து விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

வீட்டு வைத்தியம் போதாத நேரங்களும் உண்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை:

- பச்சை நிற வாந்தி, குறிப்பாகப் பச்சிளம் குழந்தைக்கு. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம்.
- வாந்தியில் இரத்தம், அல்லது காப்பித்தூள் போன்ற கறுப்பு.
- தலையில் அடிபட்ட பிறகு வரும் வாந்தி.
- காய்ச்சலும் கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வாந்தி.
- நெஞ்சு அடைப்பு, வியர்வையோடு வாந்தி. "கேஸ் டிரபிள்" என்று சோடா குடிக்கும் நேரத்தில் மாரடைப்பு முற்றிவிடும்.
- சர்க்கரை நோயாளிக்கு விடாத வாந்தி.
- ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாத குழந்தை, எழுப்பினாலும் சோர்ந்து விழும் குழந்தை.

மற்ற நேரங்களில் வாந்தி ஓரிரு நாளில் தானாக அடங்கும். அதுவரை உள்ளே போகும் கணக்கை, வெளியே போகும் கணக்கோடு சமமாக வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கணக்குக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஆறு கரண்டி, அரைக் கரண்டி, ஒரு லிட்டர். இதை வாய்ப்பாடு போல ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வைக்கலாம். எந்த வீட்டில் அரிசிப் பானை இருக்கிறதோ, அந்த வீட்டில் நாலு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸும் இருக்கலாம். கல்லூரிச் சுற்றுலா பஸ்ஸில் பாட்டு சிஸ்டம் ஏறுவதற்கு முன்பு இது ஏறலாம்.

இதைப் படித்தவர்கள் இன்றைக்கே வீட்டில் ஒரே ஒரு ஆளிடமாவது இதைச் சொல்லுங்கள். வாந்தி எடுக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டால், "கொடுக்கலாம்" என்று அல்ல, "கொடுத்தே ஆக வேண்டும், தேக்கரண்டியால், மெதுவாக" என்று சொல்லுங்கள்.